பழைய பாட்டைப் படைத்தவரே மாற்றட்டும்

ஆடி பிறந்துவிட்டால் மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி வட்டாரத்து அம்மன் கோயில் தெருக்களில் பகலில் கூழ் வார்ப்பார்கள்; இரவில் மெல்லிசைக் கச்சேரி வைப்பார்கள். கீபோர்டு, பேஸ் கிட்டார், தபலா, ரிதம் பேடு என்று மேடை நிறைந்திருக்கும். பாட்டு முடிந்ததும் கூட்டத்திலிருந்து கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு ஒன்றுதான்: “அப்படியே ரெக்கார்டுல கேட்ட மாதிரி இருக்குப்பா!” இடையிசையில் ஒரு புல்லாங்குழல் துணுக்கு விட்டுப்போனாலும் முன்வரிசையில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேடைக் குழுக்களின் இந்தத் துல்லியம் சாதாரணமானதல்ல. கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டு, நோட்ஸ் எழுதி, பல ஆண்டு உழைத்துச் சேர்த்த திறமை அது. ஆனால் அதே அளவுகோலைப் பாட்டைப் படைத்தவர் மீதும் வைப்பதுதான் சிக்கல். இசையமைப்பாளரே மேடையேறி, தன் பழைய பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால்கூட “ஒரிஜினல் மாதிரி இல்லையே” என்ற முணுமுணுப்பு கிளம்பிவிடுகிறது.

வெளியுலகில் நிலைமை வேறு. அயர்லாந்தின் யூ2 ராக் குழு 1976இல் டப்ளின் பள்ளி மாணவர்களால் தொடங்கப்பட்டது. 2019இல் ஏ.ஆர்.ரஹ்மானோடு சேர்ந்து ‘அஹிம்சா’ என்ற பாடலை வெளியிட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் நவி மும்பையில் பெரும் கூட்டத்தின் முன் வாசித்ததும் இதே குழுதான். அரங்கம் அதிர வாசித்தே பெயர் வாங்கியவர்கள், 2023 மார்ச்சில் தங்கள் பழைய பாடல்களில் 40ஐ எடுத்து, பெரும்பாலும் அக்கூஸ்டிக் கிட்டாரும் பியானோவுமாகச் சுருக்கி மறுபடி பதிவுசெய்து வெளியிட்டார்கள். வேகம் குறைந்தது, சுருதி இறங்கியது, சில பாட்டுகளில் வரிகளே மாறின.

வரி மாறியதில் ஒன்று கவனிக்கத்தக்கது. ‘வாக் ஆன்’ என்ற பாடல் 2000ஆம் ஆண்டு ஆல்பத்தில் வந்தபோது, மியான்மரின் ஆங் சான் சூகிக்குச் சமர்ப்பணமாக இருந்தது. பின்னாளில் ரோஹிங்கியா மக்கள் மீதான கொடுமைகளின்போது அவர் காத்த மௌனம் குழுவினருக்கு ஏமாற்றமளித்தது. 2022 மே மாதம் குழுவின் பாடகர் போனோவும் கிட்டார் கலைஞர் எட்ஜும் கீவ் நகரின் சுரங்க ரயில் நிலையத்தில் நின்று பாடினார்கள். மறு ஆண்டு வந்த புதிய பதிவில் அந்தப் பாட்டு உக்ரைனுக்கு உரியதாக மாறியிருந்தது. பாட்டு பழையதுதான், அதைப் பாட இப்போது வேறொரு காரணம் வந்துவிட்டது. பழைய ரெக்கார்டை அப்படியே ஒப்பித்திருந்தால் இது நடந்திருக்காது.

மின் வாத்தியங்களைத் தவிர்த்துப் பழைய பாட்டை மறுபடி பாடும் இந்த மரபுக்குப் பெரிய கதவைத் திறந்தது 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘எம்டிவி அன்பிளக்டு’ நிகழ்ச்சி. 1970இல் மின் கிட்டார்களின் அலறலோடு வந்த ‘லைலா’வை எரிக் கிளாப்டன் 1992இல் நாற்காலியில் உட்கார்ந்தபடி, நிதானமான நடையில் பாடினார். ஒருதலைக் காதலில் துடித்த இளைஞனின் பாட்டு, நடுவயதுக்காரர் அந்தத் துடிப்பை நினைத்துப் பார்க்கும் பாட்டானது. அடுத்த ஆண்டு அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது.

மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டால் பாட்டு தானாகப் புனிதமாகிவிடும் என்று சொல்வதற்கில்லை. 1993 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த நிர்வாணா குழுவின் அன்பிளக்டு நிகழ்ச்சியில், கர்ட் கோபேன் தன் அக்கூஸ்டிக் கிட்டாரை ஆம்ப்ளிஃபையர் வழியாகத்தான் வாசித்தார். யூ2வின் 40 பாடல்களிலும் பாதியை விட்டிருக்கலாம் என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மெதுவான நடைக்குக் கொண்டுவந்தால் அலுப்புத் தட்டத்தான் செய்யும். எந்தப் பாட்டு இந்தச் சோதனையைத் தாங்கும், எது தாங்காது என்று தேர்ந்தெடுப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. நிர்வாணா அன்றைக்குத் தங்கள் மிகப்பெரிய ஹிட் பாட்டை வாசிக்கவே இல்லை.

தமிழுக்கு இதெல்லாம் அந்நியமா? இல்லை. ‘காதலன்’ படத்தின் ‘ஊர்வசி’ பாட்டை 1994இல் ரஹ்மானும் சுரேஷ் பீட்டர்ஸும் ஷாகுல் ஹமீதும் பாடினார்கள். 2017இல் இந்திய எம்டிவி அன்பிளக்டு மேடையில் ரஹ்மான் அதை மறுபடி எடுத்தார். வரிகளுக்கு ரசிகர்களிடமே யோசனை கேட்டார். பணமதிப்பிழப்பும் டொனால்ட் டிரம்ப்பும் பாட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். சுரேஷ் பீட்டர்ஸ் கூடவே இருந்தார். ஷாகுல் ஹமீது 1997இலேயே விபத்தில் மறைந்துவிட்டார். அந்த மேடைக்கும் முன்பே, 2012இல் அதே நிகழ்ச்சியில் சக்திஸ்ரீ கோபாலன் பாடிய ‘நெஞ்சுக்குள்ளே’தான் அந்தப் பாட்டின் முதல் அரங்கேற்றம், ‘கடல்’ படம் அதன் பிறகு, 2013 பிப்ரவரியில்தான் வந்தது. மேடை வடிவத்தை முதலில் கேட்டு மயங்கிய ரசிகர்களுக்கு, ரெக்கார்டுதான் இரண்டாவது வடிவமாக வந்தது.

இன்னும் பின்னோக்கிப் போனால், தமிழ் சினிமாப் பாட்டு பிறந்ததே ஆர்மோனியத்தில்தான். எம்.எஸ்.விஸ்வநாதன் மேடையில் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து, ஒரு மெட்டு எப்படி உருவானது என்று பாடிக் காட்டும்போது, ஐம்பது வயலின் இல்லாமலே அந்தப் பாட்டு முழுதாக நிற்கும். இளையராஜா பேச்சின் நடுவே கட்டைகளில் கைவைத்து இரண்டு வரி பாடும்போதும் அப்படித்தான். ஆனால் அவையெல்லாம் கதைசொல்லலின் நடுவே வரும் துணுக்குகளாகவே போய்விட்டன. முழுப்பாட்டாக, தனிப் பதிவாக வெளிவந்தவை அரிது.

பழைய பாட்டை மாற்றவே கூடாது என்று தமிழ்த் திரையுலகம் விரதம் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1970இல் வந்த ‘சொர்க்கம்’ படத்தின் ‘பொன்மகள் வந்தாள்’ 2007இல் ‘அழகிய தமிழ்மக’னில் ரீமிக்ஸ் ஆனது. அதே ஆண்டு வந்த அஜித்தின் ‘பில்லா’வில், 1980 ‘பில்லா’வின் பாட்டுகள் புது பீட்டோடு வந்தன. இரண்டு பழைய படங்களுக்கும் இசை எம்.எஸ்.வி. அப்போது அவர் உயிரோடு இருந்தார். ஆனாலும் அவருடைய பாட்டை மாற்றும் வேலை அடுத்தடுத்த தலைமுறை இசையமைப்பாளர்களுக்குப் போனது. அந்த ரீமிக்ஸ்களில் நல்லவையும் உண்டு. என்றாலும் ஒரே திசையில், சத்தத்தைக் கூட்டும் திசையில், அதுவும் அடுத்தவர் கையால் மட்டுமே பழைய பாட்டு மாறுவது ஒருபக்கச் சார்புதான்.

இதற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல, உரிமையும்தான். யூ2 தன் பாட்டை மாற்ற எந்தப் படத்தயாரிப்பாளரின் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. இங்கே சினிமாப் பாட்டின் பதிப்புரிமைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்பதை 1977இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உறுதிசெய்தது. இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு உண்டு என்று சட்டம் திருத்தப்பட்டது 2012இல்தான். பாட்டுரிமை தொடர்பாக 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்குப் போன நோட்டீஸ் முதல் அண்மைக்காலப் படங்களுக்குப் போன நோட்டீஸ்கள் வரை, தமிழில் பழைய பாட்டு பற்றிய பேச்சு நீதிமன்ற வாசலிலேயே சுற்றிவருகிறது. யார் பாடலாம், யாருக்குப் பணம் என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். படைத்தவர் அந்தப் பாட்டை வைத்து இன்று என்ன செய்ய விரும்புகிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

சினிமாவுக்கு வெளியே பாட்டு எப்படி வளரும் என்பதற்கு டெல்லியின் ‘இந்தியன் ஓஷன்’ சாட்சி. 1990இல் தொடங்கிய குழு அது. பாடகரும் தபலா கலைஞருமான அஷீம் சக்கரவர்த்தி 2009இல் மறைந்தார். கிட்டார் கலைஞர் சுஸ்மித் சென் 2013இல் விலகினார். அவர்கள் இல்லாமலும் 2000ஆம் ஆண்டின் ‘கந்தீசா’ பாட்டு வேறு குரல், வேறு விரல்களோடு இன்றும் மேடையில் ஒலிக்கிறது. தமிழில் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ போன்ற குழுக்கள் கானாவையும் ராக்கையும் கலந்து சொந்தமாகப் பாட்டுகளைச் செய்துவருகின்றன. அவர்களுக்கு ஐம்பது வயதாகும்போது அதே பாட்டுகளை வெறும் பறையோடும் ஒரு கிட்டாரோடும் மறுபடி பாடும் சுதந்திரம் இருக்க வேண்டுமானால், உரிமை ஒப்பந்தங்களை இன்றே கவனமாகப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

சினிமாப் பாட்டுக்கு வழி இன்னும் எளிது. பழைய பாட்டுகளின் உரிமையை வைத்திருக்கும் ஆடியோ நிறுவனங்கள், வாழும் இசையமைப்பாளர்கள் ஒவ்வொருவரிடமும் பத்துப் பாட்டைக் கேட்டு வாங்கலாம். நிபந்தனை ஒன்று போதும்: ஐந்து பேருக்கு மேல் வாத்தியக்காரர்கள் வேண்டாம். எந்தப் பாட்டு, என்ன வேகம், எந்தக் குரல் என்பதை அவரே முடிவு செய்யட்டும். வாசிப்பவர்களின் பெயரைப் பாட்டோடு போட்டு, ராயல்டியில் பாடலாசிரியருக்கும் பங்கைப் பிரித்துக்கொடுத்தால் வழக்குக்கும் இடமிருக்காது. எம்.எஸ்.வி. 2015இல் காலமாகும்வரை இப்படியொரு வரிசையை எந்த நிறுவனமும் அவரிடம் கேட்டு வாங்கியதாகத் தெரியவில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மெட்டுப் போட்டவர்களில் பலர் இப்போது எழுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் கேட்பதை இனியும் தள்ளிப்போட முடியாது.