தென்னை ஓலை கறுத்தால் பதறாதீர்கள்

ஸ்ரீரங்கம் தீவில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தென்னையும் வாழையுமாக நிற்கும் தோப்பு உங்களுடையதா? கீழ் ஓலைகள் கரி பூசியதுபோல் கறுத்திருந்தால் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன் ஓர் ஓலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வெள்ளை மெழுகு சுருள் சுருளாகப் படிந்திருந்தால் அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி, நம் நாட்டில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்டது. சாற்றை உறிஞ்சி அது கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ் ஓலைகளில் சொட்டுகிறது. அதன்மேல் வளர்வதுதான் கரும்பூசணம். ஓலையில் வெயில் படாமல் மூடுவதால் மரம் சோர்ந்து மகசூல் குறையும். ஆனால் மரம் பட்டுப்போவதில்லை.

ஊடுபயிரான வாழையிலும் இது முட்டையிடும். தென்னையை மட்டும் கவனித்தால் பாதி வேலைதான். இலைக்காக வாழை போட்டவர்களுக்கு நஷ்டம் உடனே தெரியும். கறுத்த இலையை யார் வாங்குவார்?

ரசாயனப் பூச்சிமருந்து ஏன் வேண்டாம்? என்கார்சியா என்ற கடுகினும் சிறிய குளவி, வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிறது. பெரும்பாலும் உங்கள் தோப்பிலேயே அது இருக்கும். மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான். பிறகு ஈ முன்னைவிட அதிகமாகப் பெருகும். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: ஈயின் கூட்டில் வட்ட ஓட்டை இருந்தால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். ஈ வெளிவந்த கூட்டில் பிளவுதான் இருக்கும்.

5 அடி நீளம், ஒன்றரை அடி அகல மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு 8 வீதம் ஆறடி உயரத்தில் கட்டுங்கள். ஓலையின் அடியில் விசைத்தெளிப்பானால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசை போதும். சுவரொட்டி ஒட்டும் அதே பசைதான், நன்றாக நீர்த்தது. காய்ந்து உதிரும்போது பூசணத்தையும் உரித்துக்கொண்டு விழும்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒன்று: குளவி இல்லாத தோப்புக்கு, மருந்து அடிக்காத தோப்பிலிருந்து ஒட்டுண்ணி உள்ள ஓலைத் துண்டுகளை ஏக்கருக்கு 10 வீதம் கொண்டுபோய்க் கட்டச் சொல்லுங்கள். பக்கத்துத் தோப்புக்காரரிடமும் பேசுங்கள். அவர் மருந்து அடித்தால் இங்கே கட்டியதும் வீண். வாழையில் சந்தேகம் இருந்தால் தாயனூர் அருகே உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இலையைக் காட்டிக் கேட்கலாம். வெளியூரிலிருந்து தென்னங்கன்று வாங்குபவர்கள், வண்டியில் ஏற்றும் முன்பே ஓலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.