‘விட’ தெரிந்தால் ‘தேன்’ வரும்!

போன வாரம் ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ மூன்றோடும் மல்லுக்கட்டினோம். இந்த வாரம் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பேசுவது. பாடம் நடத்தப் போகிற இடம் வகுப்பறை இல்லை, திருவண்ணாமலை.

ஏன் அந்த ஊர்? 1896-ல் பதினாறு வயதுப் பையனாக வந்து சேர்ந்த ரமண மகரிஷி, 1950-ல் மறையும் வரை அந்த ஊரை விட்டுப் போகவே இல்லை. அவரைத் தேடி அப்போதே வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். இன்றும் குளிர்காலம் வந்துவிட்டால் செங்கம் ரோட்டில் டீக்கடை, பழக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு என்று எங்கும் ஆங்கிலம் கேட்கும். அங்கே ஆங்கிலம் பரீட்சை மார்க்குக்காக இல்லை. அன்றைய வியாபாரத்துக்காக.

பௌர்ணமியன்று ஒருவர் கேட்கிறார், கூட்டம் எப்படி என்று. நம் பூக்கடை அக்கா சொல்கிறார்:

“தேன் யெஸ்டர்டே, டுடே க்ரவுட் மோர் சார்!”

வார்த்தைகள் எல்லாம் சரி. வரிசைதான் தமிழ். ‘நேத்தைவிட இன்னிக்குக் கூட்டம் அதிகம்’ என்பதை அப்படியே ஆங்கிலத்துக்கு மாற்றியிருக்கிறார். தமிழில் எதோடு ஒப்பிடுகிறோமோ அது முதலில் வரும். ஆங்கிலத்தில் அது கடைசியில் வரும்.

“தேர் ஆர் மோர் பீப்பிள் டுடே தேன் யெஸ்டர்டே.”

இந்த ‘மோர்’ பானையில் இருப்பதல்ல, ‘தேன்’ கொம்புத்தேனும் அல்ல என்று உங்களுக்குத் தெரியும்!

துருக்கிக்காரரும் நம்ம கட்சிதான்

நாம் மட்டும்தான் இப்படித் தடுமாறுகிறோம் என்று கூச்சப்பட வேண்டாம். துருக்கி மொழி பேசுபவர்களும் நம்மைப் போலத்தான். ‘வெலியைவிட அலி உயரம்’ என்பதை அவர்கள் ‘அலி வெலிதென் தஹா உஸுன்’ என்பார்கள். ‘தென்’ என்றால் ‘இலிருந்து’. ‘தஹா’ என்றால் ‘இன்னும்’. ‘உஸுன்’ என்றால் ‘உயரம்’. அதாவது, ‘அலி, வெலியிலிருந்து இன்னும் உயரம்’. அந்தத் ‘தென்’ கேட்பதற்கு ஆங்கிலத் ‘தேன்’ மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் உறவு கிடையாது.

நம் பள்ளி இலக்கணத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள். ‘தேனினும் இனிய குரல்’ என்கிறோமே, அந்த ‘இன்’ ஒப்புக்கு வந்தது. ‘ஊரின் நீங்கினான்’ என்பதில் அதே ‘இன்’ பிரிவுக்கு வருகிறது. துருக்கியின் ‘தென்’னும் இந்த இரண்டு வேலையையும் பார்க்கிறது. எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள் ஒரே மாதிரி யோசிக்கின்றன!

இன்னொரு ஒற்றுமை. தமிழில் ‘உயரம்’ என்ற சொல் ஒப்பிடும்போது மாறுவதில்லை. துருக்கியின் ‘உஸுன்’னும் மாறாது. ஆங்கிலத்தில் மட்டும் ‘டால்’ என்பது ‘டாலர்’ ஆகிவிடும். (அமெரிக்கப் பணம் இல்லை!) அதனால்தான் நம் ஆட்டோ தம்பி, ‘மோர்’ என்று முன்னால் ஒன்று, ‘அர்’ என்று பின்னால் ஒன்று என இரண்டையும் சேர்த்து ‘மோர் சீப்பர்’ என்கிறார். ஒன்று போதும்: ‘சீப்பர்’. நீளமான சொல்லானால் ‘மோர்’ மட்டும்: ‘மோர் பியூட்டிஃபுல்’.

எண்ணலாமா, அளக்கலாமா?

அதிகம் என்பதற்கு ‘மோர்’ ஒன்றே போதும். குறைவு என்று வரும்போதுதான் சிக்கல். எண்ணக்கூடியது என்றால் ‘ஃபியூவர்’: ‘ஃபியூவர் பஸ்ஸஸ்’, ‘ஃபியூவர் ரூம்ஸ்’. அளக்கக்கூடியது என்றால் ‘லெஸ்’: ‘லெஸ் சுகர்’, ‘லெஸ் வாட்டர்’. நமக்கு இரண்டுக்கும் ‘குறைவு’தான். துருக்கியிலும் இரண்டுக்கும் ‘தஹா அஸ்’தான்.

சமமாக இருந்தால்? எண்ணுவதற்கு ‘ஆஸ் மெனி ஆஸ்’. அளப்பதற்கு ‘ஆஸ் மச் ஆஸ்’.

காபியைக் கடையோடு ஒப்பிடாதீர்கள்

‘அந்தக் கடையைவிட எங்க கடை காபி நல்லா இருக்கும்’ என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வோம். யோசித்துப் பார்த்தால் காபியைக் கடையோடு ஒப்பிட்டிருக்கிறோம்! தமிழில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தில் காபிக்குக் காபிதான் ஜோடி.

“அவர் காஃபி இஸ் பெட்டர் தேன் தேர்ஸ்.”

கோபுரத்துக்கும் அதே விதி. திருவண்ணாமலை ராஜகோபுரம் 217 அடி. 1987-ல் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. ‘ஸ்ரீரங்கம் டவர் இஸ் டாலர் தேன் திருவண்ணாமலை’ என்றால் கோபுரத்தை ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும். அந்த ஊரின் மலையோ 2,600 அடிக்கும் மேல்! ஆகவே ‘தி ஒன்’ என்ற சின்னச் சொல்லைச் சேருங்கள்:

“தி டவர் இன் ஸ்ரீரங்கம் இஸ் டாலர் தேன் தி ஒன் இன் திருவண்ணாமலை.”

‘ரொம்ப’ செய்யும் நஷ்டம்

பலகாரக் கடை அண்ணன் ஆசையாக எடுத்து நீட்டுகிறார்: “டூ ஸ்வீட் சார், டூ ஸ்வீட்!” வந்தவர் வேண்டாம் என்று போய்விடுகிறார். ‘டூ’ என்றால் ‘அளவுக்கு மீறி’. ‘திகட்டும், வாங்காதே’ என்று அண்ணனே சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அவர் சொல்ல நினைத்தது ‘வெரி ஸ்வீட்’. நம் ‘ரொம்ப’ இரண்டு வேலையும் செய்யும். துருக்கியின் ‘ச்சோக்’ என்ற சொல்லும் அப்படியே.

வியாபாரம் போனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மருந்துக் கடையில் அப்படி விட முடியாது. ‘ஒரு நாளைக்கு ரெண்டு மாத்திரைக்கு மேல போடாதீங்க’ என்பதைச் சொல்ல வந்து, அவசரத்தில் ‘மோர் தேன் டூ’ என்று மட்டும் சொன்னால் பொருள் தலைகீழ். ‘நோ மோர் தேன் டூ எ டே’ என்று சொல்லிப் பழகுங்கள். ‘நோ’வை அழுத்திச் சொல்லுங்கள். இரண்டு விரலையும் காட்டுங்கள். சீட்டில் எழுதியும் கொடுத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

வரேன்னு சொல்லிட்டுப் போறீங்களே!

விடைபெறும்போது ‘போறேன்’ என்று நம் வீட்டில் சொல்ல முடியுமா? பாட்டி திட்டுவார். ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதையே ‘ஓகே, ஐ வில் கம்’ என்று ஆங்கிலமாக்கிவிட்டு ஆட்டோக்காரர் கிளம்பினால், அந்த அம்மா வாசலில் காத்துக்கொண்டு நிற்பார். ‘சீ யூ’ அல்லது ‘பை’ போதும்.

துருக்கியில் வழியனுப்புகிறவர் ‘குலே குலே’ என்பார். ‘சிரித்துச் சிரித்துப் போ’ என்று அர்த்தம். சமைத்தவரைப் பார்த்து ‘உன் கைக்கு ஆரோக்கியம்’ என்பார்கள். ‘கைமணம்’ என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இது உடனே புரியும். ஆங்கிலத்தில் அதற்கு நேரான சொல் கிடையாது. ‘இட் வாஸ் டெலிஷியஸ், தேங்க் யூ’ என்று முடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கிரிவலப் பாதையில் உங்களிடம் வழி கேட்பவர் ஜெர்மன்காரரோ ரஷ்யரோ துருக்கிக்காரரோ, பெரும்பாலும் அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவரும் மனசுக்குள் மொழிபெயர்த்துத்தான் பேசுகிறார். உங்கள் வாக்கியத்தில் தமிழ் வாடை அடித்தால் அது முட்டாள்தனம் இல்லை; தலைக்குள் ஏற்கெனவே ஒரு முழு இலக்கணம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். தப்பு வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொள்ளாதீர்கள். பேசுங்கள், திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படித் தப்பாகப் பேசினாலும் சிரிக்காமல், ‘தமிழ்ல இப்படி, இங்கிலீஷ்ல இப்படி’ என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.

வீட்டுப்பாடம்

இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்:

1. போன மாசத்தைவிட இந்த மாசம் ரூம் குறைவாத்தான் காலியா இருக்கு.
2. சென்னையைவிட இங்க வாடகை குறைவு.
3. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் (216 அடி) கிட்டத்தட்ட திருவண்ணாமலை கோபுரம் உயரம் இருக்கும்.

சொல்லிப் பார்த்துவிட்டீர்களா? இதோ விடைகள்:

1. தேர் ஆர் ஃபியூவர் ரூம்ஸ் ஃப்ரீ திஸ் மன்த் தேன் லாஸ்ட் மன்த். (ரூமை எண்ணலாம். அதனால் ‘ஃபியூவர்’.)
2. ரென்ட்ஸ் ஆர் லோயர் ஹியர் தேன் இன் சென்னை. (‘இன்’ முக்கியம். அதை விட்டால் வாடகையை ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும்.)
3. தி டவர் இன் தஞ்சாவூர் இஸ் ஆல்மோஸ்ட் ஆஸ் டால் ஆஸ் தி ஒன் இன் திருவண்ணாமலை.

அடுத்த வாரம் ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ மூன்றும் வரிசையில் நிற்கின்றன. அதுவரைக்கும்... ‘ஐ வில் கம்’ இல்லை, ‘சீ யூ நெக்ஸ்ட் வீக்’!