பேய் வருவதற்கு முன் கொஞ்சம் அமைதி வேண்டும்

1942-இல் வெளியான ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள். பின்னால், சிறுத்தையாக மாறக்கூடியவளோ என்று அஞ்சப்படும் இன்னொருத்தியின் காலடி ஓசை. சட்டென்று அது நின்றுவிடுகிறது. திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. நடை ஓட்டமாகிறது. அப்போது திரைக்குள் சீறிக்கொண்டு பாய்கிறது ஒரு பஸ்!

சிறுத்தை பாய்ந்துவிட்டதாகவே அரங்கம் நடுங்கியது. தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்திக்கு ‘லூட்டன் பஸ்’ என்றே பெயர் நிலைத்தது. அதன் பிறகு வந்த பேய்ப் படங்களில் பெரும்பாலானவை அந்தப் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டன. அதற்கு முந்தைய அமைதியை விட்டுவிட்டன.

தமிழிலும் இதே நிலைதான். பூட்டிய பங்களா, தானாகத் திறக்கும் கதவு, கண்ணாடியில் தெரியும் முகம். ஒவ்வொன்றுக்கும் காதைப் பிளக்கும் பின்னணி இசை. ரசிகர் துள்ளுவது உண்மைதான். ஆனால், பெருஞ்சத்தம் கேட்டால் யாருக்கும் உடம்பு தூக்கிப் போடும். அது அதிர்ச்சி, ஓரிரு நொடியில் அடங்கிவிடும். அதைப் பயம் என்று சொல்லி விற்பது ரசிகருக்குச் செய்யும் அநியாயம்.

பழகிய உத்திகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவற்றைப் புதிதாகக் கையாளத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். 2009-இல் விக்ரம் கே. குமார் இயக்கிய ‘யாவரும் நலம்’ பாழடைந்த பங்களாவைத் தேடிப் போகவில்லை. புத்தம்புது அடுக்குமாடி வீடு, காலையில் திரிந்துபோகும் பால், மாதவன் தனியாக ஏறினால் மட்டும் நகராத லிஃப்ட். வீட்டுப் பெண்கள் பார்க்கும் டிவி சீரியலில் நடப்பதெல்லாம் அந்தக் குடும்பத்திலும் நடக்கிறது. தமிழ் வீடுகளில் அன்றாடம் ஓடும் சீரியலையே அமானுஷ்யத்தின் வாசலாக்கியது அந்தப் படம்.

அதே ஆண்டு அறிவழகனின் ‘ஈரம்’ வந்தது. அநியாயமாகக் கொல்லப்பட்ட பெண் பழிவாங்கத் திரும்புவது மிகப் பழைய கதை. அவள் தண்ணீரின் வழியாக வருகிறாள் என்பது புதிது. கதவிடுக்கில் கசியும் நீரைப் பார்த்தாலே நெஞ்சு பதறும்படி அந்தப் படம் ரசிகரைத் தயார்படுத்தியது.

ஒலியையும் இப்படித்தான் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். சவுண்ட் டிசைனரைப் படப்பிடிப்பு முடிந்தபின் அழைத்து, தொய்வான காட்சிகளைச் சத்தத்தால் நிரப்பச் சொல்வதில் பயனில்லை. திரைக்கதை எழுதும்போதே அவரும் உடன் உட்கார வேண்டும். எங்கே ஒலி நிற்க வேண்டும் என்பதும் அந்தத் தாளிலேயே எழுதப்பட வேண்டும்.