சூப்பிப் போத்தல் வாங்குமுன்

தாய்ப்பாலுடன் துணைப்பாலும் ஊட்டவேண்டிய நிலை சில தாய்மாருக்கு நேரிடுகின்றது. எந்தப் போத்தல் நல்லதென வினவுமுன், அதைக் கழுவ வீட்டில் எத்தகைய நீருண்டு என வினவுதல் வேண்டும் என்போம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை சாய்ந்தமருதைத் தாக்கியபோது கரையோரக் கிணறுகளில் உப்புநீர் புகுந்தது. நல்ல நீரும் அடுப்புமில்லாத முகாமிலே போத்தலை அவிப்பது எங்ஙனம்? கழுவாத போத்தல் வயிற்றோட்டத்தைக் கொணரும். அவ்வேளையில் தாயின் மார்பே பிள்ளைக்குக் காவல்.

இன்று வாங்குவோர், தூரிகை அடிவரை செல்லும் வாயகன்ற போத்தலையே தெரிதல் வேண்டும். பூவும் பொம்மையும் வரைந்திருப்பதாற் பிள்ளைக்கு யாதொரு பயனுமில்லை! சூப்பியின் துளை சிறிதாயிருக்கட்டும். கவிழ்த்தாற் பால் துளித்துளியாய் விழவேண்டுமேயன்றித் தாரையாய் ஓடலாகாது. வருந்தாமற் பால் பெற்றுப் பழகிய பிள்ளை மார்பிலே முயன்று உறிஞ்ச மறுக்கக்கூடும். உறிஞ்சுதல் குறைந்தாற் சுரப்பும் குறையும். ஆதலின் முதலில் மார்பு, பின்னரே போத்தல். வெடித்த, பிசுபிசுத்த சூப்பியை எறிந்துவிடுக.

சிறு கோப்பையாற் பருக்குதல் இதனினும் நன்று. பச்சிளங் குழந்தையும் அதிற் குடிக்கும், கழுவுவதும் எளிது. போத்தலையும் சூப்பியையும் பொதுமக்களிடையே விளம்பரஞ் செய்யலாகாதென உலக சுகாதார சபை 1981இலேயே விதித்தது. பால் போதவில்லையெனத் தாமே முடிவுசெய்யாது, பிள்ளையின் நிறையை மருத்துவமாதைக்கொண்டு பார்த்தறிக.