கோடு முழுசா இருக்கு, ஆனா லைன் இல்லே!

இந்தத் தைப்பூசத்தில் பத்துமலையில் அம்மாவைத் தொலைத்துவிட்டோம்.

கமூட்டர் இரயிலை விட்டு இறங்கி, பால்குடக் கூட்டத்தோடு மெல்ல நகர்ந்து, முருகன் சிலை முழுதாகத் தெரியும் இடம்வரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். ஒரு காவடிக்கு வழிவிட எல்லாரும் ஒதுங்கினோம். மேளச் சத்தம் கடந்துபோன பிறகு திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். வயது எழுபத்து மூன்று. சர்க்கரை நோய். வெயில் வேறு.

நான்கு பேரும் கைப்பேசியை எடுத்தோம். நான்கிலும் சிக்னல் கோடு முழுசாக இருந்தது. புலனத்தில் அழைத்தால் ‘அழைக்கிறது’ என்று காட்டியதே தவிர, மறுமுனையில் மணி அடிக்கவில்லை. குடும்பக் குழுவில் போட்ட செய்திக்குப் பக்கத்தில் கடிகாரச் சின்னம் அப்படியே நின்றது. இருபது நிமிடம் இப்படியே போனது. அக்கா அழ ஆரம்பித்துவிட்டார்.

படிவம் ஐந்தில் படிக்கும் அக்கா மகன்தான் கடைசியில் சொன்னான்: “மாமா, நார்மல் கால் போட்டுப் பாருங்களேன்.”

மூன்றாவது மணியில் அம்மா எடுத்தார். “எங்கடா போயிட்டீங்க எல்லாரும்? நான் தண்ணீர்ப் பந்தல்ல மோர் குடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.”

வாரந்தோறும் இந்தப் பக்கத்தில் தொழில்நுட்பம் பற்றி எழுதுகிறவனுக்கு அந்த இருபது நிமிடமும் இது தோன்றவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பரிகாரமாக, புலன அழைப்பு ஏன் போகவில்லை, சாதாரண அழைப்பு ஏன் போனது என்பதை இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தக் கோடுகள். கோபுரத்தின் குரல் உங்கள் கைப்பேசிக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே அவை காட்டுகின்றன. உங்களைக் கவனிக்கக் கோபுரத்துக்கு நேரம் இருக்கிறதா என்பதை அவை சொல்லாது. அதோடு, கோபுரம் உரக்கப் பேசும். நம் கைப்பேசியோ 4ஜியில் அதிகபட்சம் 200 மில்லிவாட் சக்தியில்தான் பதில் சொல்லும். திருவிழாவில் எல்லாரும் படம் எடுத்து மேலே அனுப்பத்தான் முயல்கிறார்கள். அந்த மேல்வழிதான் முதலில் அடைத்துக்கொள்ளும்.

இன்னொரு நெரிசலும் உண்டு. சும்மா இருக்கும் கைப்பேசி எதையாவது அனுப்ப வேண்டுமென்றால் முதலில் கோபுரத்தின் கதவைத் தட்ட வேண்டும். ஒரு கோபுரப் பகுதியில் அப்படித் தட்டுவதற்கு மொத்தம் 64 விதத் தட்டல்கள்தான் உள்ளன. அவற்றிலும் சில வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரே நொடியில் இரண்டு கைப்பேசிகள் ஒரே விதமாகத் தட்டினால் மோதல்தான். இரண்டும் சற்றுப் பொறுத்து மறுபடி தட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் நிற்கும் இடத்தில் உள்ளே நுழைவதே பெரும்பாடு.

சரி, உள்ளே நுழைந்தாயிற்று. பிறகு என்ன நடக்கிறது?

4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையை 100 துண்டுகளாகப் பிரித்திருப்பார்கள். எந்தத் துண்டு யாருக்கு என்று கோபுரத்தில் உள்ள பங்கீட்டு மென்பொருள் வினாடிக்கு 1000 முறை முடிவு செய்கிறது. இப்போது யாருக்கு அலை நன்றாகக் கிடைக்கிறது, இதுவரை யாருக்குக் குறைவாகக் கிடைத்திருக்கிறது என்று இரண்டையும் எடை போட்டுத்தான் பொதுவாகப் பங்கிடும். சுவர் மறைவில் நிற்பவருக்கு அதே படத்தை அனுப்ப அதிகத் துண்டுகள் தேவைப்படும். அவருடைய கஷ்டத்தில் மற்றவர்களுக்கும் பங்கு உண்டு.

ஆனால் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை. அன்று எங்களுக்கு மறந்துபோனது இதுதான்.

அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சிவப்பு மண்டலம், மஞ்சள் மண்டலம், பச்சை மண்டலம். காய்ச்சலோடு காலையிலிருந்து பச்சையில் உட்கார்ந்திருப்பவரைத் தாண்டி, நெஞ்சுவலியோடு இப்போது வந்தவர் உள்ளே போவார். முதலில் வந்தவருக்கு முதல் இடம் என்ற கணக்கு அங்கே கிடையாது. கைப்பேசிக் கட்டமைப்பிலும் இப்படி மண்டலங்கள் உண்டு. 3ஜி காலத்தில் நான்கு வகை இருந்தது: உரையாடல், ஓடும் காணொலி, இணையப் பக்கம் பார்ப்பது போன்ற கேள்வி-பதில், பின்னணியில் நடக்கும் பதிவிறக்கம். மலேசியாவில் 3ஜி 2021 இறுதியில் விடைபெற்றுவிட்டது. 3ஜிபிபி என்ற உலகளாவிய தர அமைப்பு 4ஜிக்கு முதலில் ஒன்பது வகைகளை வகுத்தது. பிறகு இன்னும் பல சேர்ந்தன. 5ஜியில் பட்டியல் இன்னும் நீளம்.

அந்த ஒன்பதில் முன்னுரிமையில் முதலிடம் பேச்சுக்குக்கூட இல்லை. ‘உனக்கு ஓர் அழைப்பு வருகிறது’ என்று தெரிவிக்கும் சமிக்ஞைக்குத்தான். நியாயம்தான், மணியே அடிக்காவிட்டால் பேச்சு எங்கே? இரண்டாம் இடம் குரலுக்கு. நாம் சாதாரணமாகப் பார்க்கும் இணையப் பக்கம், முகநூல், மின்னஞ்சல், பதிவிறக்கம் எல்லாம் வரிசையின் கடைசியில், பெரும்பாலும் ஒன்பதாம் இடத்தில் நிற்கும்.

புலன அழைப்பும் அந்த ஒன்பதாம் இடத்தில்தான் நிற்கிறது!

அதுவும் பேச்சுதானே என்று நீங்கள் கேட்கலாம். நமக்குப் பேச்சு, கட்டமைப்புக்கு அது பூட்டிய உறைக்குள் இருக்கும் ஏதோ ஒரு தரவு. பக்கத்தில் நிற்பவர் அனுப்பும் காவடிக் காணொலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதைதான் இதற்கும். எண்ணைத் தட்டி அழைக்கும் சாதாரண அழைப்பு அப்படியல்ல. 4ஜியில் அதற்கு ‘வோல்டி’ என்று பெயர். அதுவும் தரவாகத்தான் போகிறது. ஆனால் அழைப்பு தொடங்கும்போதே அதற்கென்று தனித் தடம் திறக்கப்பட்டு, இவ்வளவு வேகம் உறுதி என்று ஒதுக்கியும் விடுகிறார்கள். கூட்டம் நெரிந்தால் காணொலிகள் காத்திருக்கும், பேச்சு போய்க்கொண்டிருக்கும்.

இது பேச்சுக்குக் காட்டும் சலுகை என்று நினைக்க வேண்டாம். குரல் கேட்பது மிகக் குறைவு. நம் பேச்சு 20 மில்லி வினாடித் துணுக்குகளாக வெட்டப்பட்டு அனுப்பப்படுகிறது. தெளிவான குரலுக்கு வினாடிக்கு ஏறக்குறைய 13 கிலோபிட் போதும். கேமரா எடுத்த 3 மெகாபைட் படம் ஒன்றைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால், அந்த அளவில் அரை மணி நேரம் பேசிவிடலாம். ஆனால் குரலுக்கு அவசரம் அதிகம். 4ஜி தரம் அதற்குக் கொடுக்கும் கெடு 100 மில்லி வினாடி. நூறில் ஒரு துணுக்கு தொலைந்தாலும் பரவாயில்லை, காது சமாளித்துக்கொள்ளும். தாமதமானால் பேச்சே கெட்டுப்போகும். பதிவிறக்கம் இதற்கு நேர் எதிர். அதற்குக் கெடு 300 மில்லி வினாடி. ஆனால் இழப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. வங்கிக் கணக்கு அறிக்கையில் ஓர் எண் தொலைந்து வந்தால் ஒப்புக்கொள்வீர்களா?

ஆகவே ‘சேவைத் தரம்’ என்பதை ஒற்றை எண்ணால் அளக்க முடியாது. வேகம், தாமதம், இழப்பு என்று மூன்றையும் பார்க்க வேண்டும். விளம்பரப் பலகைகளில் வேகத்தை மட்டும்தான் பெரிதாகப் போடுகிறார்கள்.

பெருங்கூட்டம் கூடும் இடங்களுக்கு நிறுவனங்கள் லாரியில் ஏற்றிய தற்காலிகக் கோபுரங்களைக் கொண்டுவருவதுண்டு. உதவும்தான். ஆனால் கோபுரத்தைக் கூட்டுவதுபோல் அலைவரிசையைக் கூட்ட முடியாது. நெருக்க நெருக்கமாக வைத்தால் ஒன்றின் குரல் மற்றதைக் கெடுக்கும்.

திருவிழாவை விடுங்கள். வீட்டிலேயே இரவு ஒன்பது மணிக்கு வேலைக் கூட்டத்தில் முகம் உறைந்து நிற்கிறது என்று இளைஞர்கள் பலர் என்னிடம் குறைப்படுகிறார்கள். வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் கைப்பேசியை அணைத்துப் போடச் சொல்கிறார்களாம். எனக்கும் அதே பதில் கிடைத்திருக்கிறது, மூன்று முறை. குறை எங்கே இருக்கிறது என்பதை நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

வேகப் பரிசோதனைச் செயலியில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து விடியற்காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை, இரவு ஒன்பதுக்கு ஒருமுறை பாருங்கள். விடியலில் பறந்து, இரவில் படுத்துவிட்டால் உங்கள் தாமானில் நெரிசல். எந்த நேரத்திலும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து முட்டி நின்றால், அது நெரிசல் இல்லை. உங்கள் திட்டத்தின் வேக வரம்பு. நிறுவனத்தின் மையக் கணினியில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ‘இதற்கு மேல் விடாதே’ என்று ஓர் எண் எழுதியிருக்கும். ‘அன்லிமிடெட்’ என்று வாங்கிய திட்டத்தில்கூட அளவுக்குத்தான் எல்லை இல்லை, வேகத்துக்கு இருக்கலாம். சில திட்டங்களில் குறிப்பிட்ட அளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். பொடி எழுத்தில் இருக்கும். வாங்கும்போது யாரும் படிப்பதில்லை. வரவேற்பறையில் நன்றாக வந்து படுக்கையறையில் வராவிட்டால் சுவர்தான் காரணம். அதற்கு யாரையும் திட்டிப் பயனில்லை.

நெரிசல்தான் என்று தெரிந்தால் தேதி, நேரம், இடம், பரிசோதனைப் படம் ஆகியவற்றை ஒரு வாரம் சேர்த்து வைத்து நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். நிறுவனங்கள் கடைப்பிடிக்க வேண்டிய கட்டாயச் சேவைத் தரங்களை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் வகுத்திருக்கிறது. நிறுவனம் தீர்க்காவிட்டால் ஆணையத்திடம் போகலாம். “எப்பவும் ஸ்லோ” என்று சொல்வதைவிட ஏழு நாள் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

என் மனத்தாங்கல் ஒன்று உண்டு. அந்த ஒன்பது வகையில் எட்டாம் இடத்தைக் கூடுதல் கட்டணம் செலுத்துபவர்களுக்கு ஒதுக்கிக்கொள்ள 4ஜி தரத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக்காரரை முன்னே விடுவதில் எனக்கு மறுப்பில்லை. அதிக வெள்ளி கொடுத்தவரை முன்னே விடுவது சரியா என்பது வேறு கேள்வி. வியாபாரம் என்றால் விடட்டும். ஆனால் மற்றவர்களுக்கு எந்த இடம் என்பதைத் திட்டத்தின் முகப்பிலேயே போட வேண்டும். விலையைப் போடுகிறார்கள், வேகத்தைப் போடுகிறார்கள், வரிசையில் எங்கே நிற்பீர்கள் என்பதைப் போடுவதில்லை.

மறுபடி அம்மாவிடம் வருகிறேன். சாதாரண அழைப்பும் நிச்சயம் போகும் என்று சொல்ல முடியாது. கதவு தட்டும் நெரிசல் அதற்கும் உண்டு. ஆனாலும் உள்ளே நுழைந்துவிட்டால் அதன் இடம் பத்திரம். அதுவும் போகாவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அது மிகச் சிறியது. உடனே சேராவிட்டாலும் நிறுவனத்தின் மையம் வைத்திருந்து மறுபடி அனுப்பும். தமிழ் எழுத்தில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துகள்தான், ஆங்கில எழுத்தில் 160. தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘சிலை அருகே நில்’ என்பதற்கு அது தாராளம்.

பெரியவர்களின் கைப்பேசியில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அமைப்புகளில் ‘வோல்டி’ அல்லது ‘4ஜி அழைப்பு’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது அணைந்திருந்தால், அழைப்பு வரும்போதெல்லாம் கைப்பேசி 4ஜியை விட்டு இறங்கி 2ஜிக்குப் போக வேண்டும். அழைப்பு இணைய நேரமாகும். பேசும் நேரத்தில் இணையமும் நின்றுவிடும். அண்ணன் கொடுத்த பழைய கைப்பேசியைத்தான் அம்மா வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். நல்ல வேளை, பொத்தான் போட்டுத்தான் இருந்தது.

அன்றிரவே அம்மாவின் கைப்பேசித் திரையில் புலனத்தை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பக்கத்தில் எங்கள் நால்வரின் படத்தையும் நேரடி அழைப்பாக வைத்தேன். படத்தைத் தொட்டால் சாதாரண அழைப்பு போகும். மறுநாள் காலையில் அம்மாவிடமிருந்து முதல் அழைப்பு வந்தது.

“டேய், என் புலனத்தை எங்கடா ஒளிச்சு வெச்சே? பெரியம்மாவுக்குக் காலை வணக்கம் படம் அனுப்பணும்.”