ஆய்வுகூடக் குருதியும் தலைப்புச் செய்திகளும்

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். பத்திரிகை அலுவலக வாசலில் ஒரு தந்தை எனக்காகக் காத்திருந்தார். கையில் நான்காக மடித்த பத்திரிகைத் துண்டு. "ஆய்வுகூடத்தில் குருதி மூலக்கலங்கள் தயார்; இனிக் கொடையாளர் தேவையில்லை" என்பது அதன் தலைப்பு. தலைப்பிட்டவன் நான் அல்லன். ஆயினும் பக்கத்தைப் பார்த்து அச்சுக்கு அனுப்பியவன் நானே.

அவருடைய மகனுக்குத் தலசீமியா. மாதந்தோறும் குருதி ஏற்றுகிறார்கள்.

"ஐயா, இதை எங்கை செய்யினம்? காணியை வித்தெண்டாலும் பிள்ளையைக் கொண்டு போறன்" என்றார்.

அந்தக் கலங்கள் எந்த நோயாளிக்கும் இன்னும் ஏற்றப்படவில்லை என்று விளக்கினேன். அவர் என்னை நம்பவில்லை. அச்சில் வந்ததையே நம்பினார்.

நடந்தது என்ன? மெல்பேர்ணிலுள்ள மேர்டொக் சிறுவர் ஆய்வு நிறுவகத்தில் எலிசபெத் இங், அன்ட்ரூ எலெஃபன்ரி ஆகியோரின் குழுவினர் மனிதக் கலங்களிலிருந்து குருதி மூலக்கலங்களை (ஸ்டெம் செல்) உருவாக்கினர். வளர்ந்த உடற்கலத்தை மீண்டும் கருநிலைக்குத் திருப்பலாம் என்று 2006இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா காட்டிய வழியே இதற்கு அடித்தளம். நோய் எதிர்ப்பாற்றலற்ற சுட்டெலிகளுக்கு அவற்றை ஏற்றியபோது, அவை என்புமச்சையில் குடியேறிப் பலவகைக் குருதிக் கலங்களையும் தோற்றுவித்தன. மிகச் சிறந்த செய்முறையிலும் 25 முதல் 50 சதவீதமான எலிகளிலேயே இது கைகூடியது.

இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. குருதி மூலக்கலம் தன்னைத் தானே புதுப்பிக்கவும் வேண்டும், பிற குருதிக் கலங்களாக மாறவும் வேண்டும். கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்க்கும்போது அது முதலாவது ஆற்றலை விரைவில் இழந்துவிடுகிறது. ரொறன்ரோவில் ரில்லும் மக்கலொக்கும் இக்கலத்தின் இருப்பை 1961இல் நிறுவிய பின்னர், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் போராடியது இதனோடுதான். அந்தப் போராட்டத்தை ஒற்றை வரித் தலைப்பில் முடித்துவைத்தவர்கள் நாங்கள்.

ஆய்வுகூடத்தில் பெருக்கிய கலங்கள் மனிதருக்குப் பயன்படவே இல்லையா? பயன்படுகின்றன. தொப்புள்கொடிக் குருதியின் மூலக்கலங்களைப் பெருக்கி ஏற்றும் ஒமிசர்ஜ் என்ற சிகிச்சைக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்கா அனுமதி வழங்கியது. அந்த அனுமதி குருதிப் புற்றுநோயாளர்களுக்கானது. அறிவிக்கப்பட்ட விலை 3,38,000 டொலர். அதற்கும் யாரோ ஒரு தாய் தொப்புள்கொடிக் குருதியைக் கொடுத்திருக்க வேண்டும். "கொடையாளர் தேவையில்லை" என்பது அங்கேயும் பொய்யே.

"மக்களுக்கு நம்பிக்கை கொடுப்பதில் என்ன தவறு?" என்று சக பத்திரிகையாளர்கள் கேட்கிறார்கள். காணியை விற்கத் துணிந்த தந்தைக்கு நாம் கொடுத்தது நம்பிக்கையா? மூலக்கலத்தின் பெயரால் எதையும் விற்கக் காத்திருக்கும் போலி மருத்துவக் கடைகளுக்கு ஆள்பிடிக்கும் வேலையையே அத்தகைய தலைப்புகள் செய்கின்றன.

இன்னொரு கேடும் உண்டு. தலசீமியாவைக் குணப்படுத்தவல்ல மாற்றுச் சிகிச்சை இன்றே இருக்கிறது. அதற்கு இழையப் பொருத்தமுள்ள கொடையாளர் வேண்டும். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 25 சதவீதமே. ஏனையோர் கொடையாளர் பதிவேடுகளையே நம்பியிருக்கிறார்கள். உலகில் நான்கு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்துள்ளனர். ஆனால் பொருத்தம் வம்சாவளியைப் பின்பற்றுவது. அமெரிக்கப் பதிவேட்டில் முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையருக்கு 79 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 29 சதவீதம். தமிழ்ப் பிள்ளைக்குப் பொருந்தக்கூடியவர் பெரும்பாலும் இன்னொரு தமிழராகவோ தெற்காசியராகவோதான் இருப்பார். அவர் பதியாவிட்டால் யார் தேடிக் கண்டுபிடிப்பது?

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் சென்னையிலும் இதனை வாசிக்கும் இளையோரே, உங்களிடம் கேட்பது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் ஒருமுறை வருடுவதைத்தான். பொருத்தம் கண்டு அழைத்தால், பெரும்பாலும் கை நாளம் வழியாகவே சில மணி நேரத்தில் கலங்களை எடுத்துவிடுகிறார்கள்.

என் துறையினரே, தலைப்பிடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எலியிலா, மனிதரிலா? எத்தனை பேரில்? எப்போது நோயாளிக்குக் கிடைக்கும்? விடையில்லையேல் அந்தத் தலைப்பை இடாதீர்கள். அன்று நானும் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்தத் தந்தை போகும்போது பத்திரிகைத் துண்டை மீண்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.