பெட்டி அந்நியருடையது, சாவி யாருடையது?

முன்னாளில் தோட்டத் தொழிலாளிக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் அது முதலில் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். கிராணியார் எடுத்துக் கொடுத்தால்தான் கைக்குக் கிட்டும். இன்று ஆபீசைத் தாண்டி, நம் கைத்தொலைபேசிக்கே மின்னஞ்சல் வருகிறது. 1996-ல் ஹாட்மெயில், 1997-ல் யாகூ, 2004-ல் ஜிமெயில் என அமெரிக்கக் கம்பெனிகள் இவ்வசதியை இலவசமாக வழங்கத் தொடங்கின. வேலை மனுவுக்கும் பிள்ளைகளின் மேற்படிப்பு மனுவுக்கும் இன்று மின்னஞ்சல் முகவரி கேட்கிறார்கள். இவ்வசதியை நாம் வரவேற்கிறோம்.

ஆனால், இலவசம் என்றதும் யோசியாமல் கை நீட்டுவது தொழிலாளிக்கு அழகல்ல. கணக்குத் திறக்கையில் "சம்மதம்" என்று நாம் தட்டுவதும் ஓர் ஒப்பந்தமே. எந்தச் சங்கமும் உட்கார்ந்து பேசாத ஒப்பந்தம் அது. ஷரத்துகள் யாவும் கம்பெனி எழுதியவை. விளம்பரத்துக்காகக் கடிதங்களை இயந்திரத்தால் அலசி வந்த ஜிமெயில், அதை நிறுத்துவதாக அறிவித்தது 2017-ல்தான். யாகூவின் 300 கோடிக் கணக்குகளின் விவரங்கள் 2013-ல் களவு போயின. முழுக் கணக்கு வெளிவர 2017 ஆயிற்று. இரண்டாண்டு திறவாத கணக்கை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023-ல் கொண்டுவந்தது. முறையிடப் போனால், தோட்ட ஆபீசைப் போல் பக்கத்தில் ஒரு வாசற்படி இல்லை.

இவை அனைத்தையும்விட நம்மை வருத்துவது வேறொன்று. தொலைபேசிக் கடையில் யாரோ திறந்து கொடுத்த கணக்கு; அதன் மறைச்சொல்லோ கடைக்காரரிடம்! பெட்டி நம் பெயரில், சாவி பிறர் மடியில். பழைய ஆபீசு வாசலுக்கே திரும்பிவிட்டோம் அல்லவா?

ஆகவே, தோழர்களே, கணக்கை நீங்களே திறவுங்கள். மறைச்சொல்லைத் தாளில் எழுதி, அடையாளக் கார்டோடு சேர்க்காமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசி எண் மாறினால் கணக்கிலும் உடனே மாற்றுங்கள். இல்லையேல் மறைச்சொல் மறந்த நாளில் கதவு திறவாது. இரட்டைச் சோதனை முறையை அமர்த்துங்கள். மாதம் ஒருமுறையேனும் பெட்டியைத் திறந்து பாருங்கள். முக்கியப் பத்திரங்களுக்குக் காகித நகல் வையுங்கள்.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. எழுத்தறியாத முதியவருக்குக் கணக்குத் திறந்து கொடுப்பது பெரும் தொண்டு. மறைச்சொல்லை அவர் கையிலோ அவர் பிள்ளை கையிலோ ஒப்படைத்துவிட்டு, அதை நீங்கள் மறந்துவிடுவதே அத்தொண்டின் நிறைவு.

பெட்டி அந்நியருடையதாக இருந்துபோகட்டும். சாவி நம்முடையதாகவே இருக்க வேண்டும்.